கடலம்மாவுக்கு மாமா மேல் என்ன கோபம்?

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு ஒன்பது வயதில் மகனும் ஐந்து வயதில் மகளும் இருக்கிறார்கள். கணவர் மீன்பிடித் தொழில் செய்பவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தபோது இவருக்குப் பதின்மூன்று வயது. விடியுமுன் கடலுக்குப் போயிருந்த அப்பாவின் படகு வந்துவிட்டதா என்று பார்த்துவரும்படி, ஆறு வயதுத் தம்பியைக் கரைக்கு அனுப்பியவர் இவர்தான். தம்பி திரும்பவில்லை. கடலில் இருந்த அப்பா பிற்பகலில் உயிரோடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாலை போட்ட ஒரு புகைப்படம் மட்டும் சுவரில் இருக்கிறது.

சென்ற டிசம்பரில், நினைவு நாளையொட்டி மகனின் பள்ளியில் ஆசிரியர் ஒரு படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டி, வீட்டில் கேட்டு எழுதிவரும்படி சொல்லி அதைக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறார். மனிதர்கள் கரையை அசுத்தப்படுத்தியதால் கடலம்மா கோபம்கொண்டு ஊருக்குள் வந்தாள் என்று அந்தக் கதை போகிறது. மகன் புத்தகத்தோடு நேராகப் பாட்டியிடம் போய், “கடலம்மாவுக்கு மாமா மேல என்ன கோபம்?” என்று கேட்டிருக்கிறான். பாட்டி எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து, தந்தை கடலுக்குப் போகும் இரவுகளில் பையன் தூங்குவதில்லை. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான். பகலில் கரைப்பக்கம் விளையாடப் போவதையும் நிறுத்திவிட்டான்.

இனி இந்த மாதிரிப் புத்தகங்கள் வளரும்வரை வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் கணவர். இன்னும் சில நல்ல புத்தகங்களைக் கொடுத்தால் பயம் தெளிந்துவிடும் என்கிறார் ஆசிரியர். “என்னால் சொல்ல முடியாததை எனக்குப் பதிலாகச் சொல்லிவிடுகிற ஒரு புத்தகத்தின் பெயரைத் தாருங்கள்” என்று கேட்கிறார் தாய். பள்ளியில் இத்தகைய பாடங்களிலிருந்து மகனை விலக்கிவைக்கத் தமக்கு உரிமை உண்டா என்றும் கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “அவனை அனுப்பியது நான்தான் என்பது என் மகனுக்குத் தெரிய வேண்டுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைக் கடிதம் எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் மகனின் தூக்கம் இப்போது அவசரமானது என்பதால் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

புத்தகம்தான் பயத்தைக் கொண்டுவந்தது என்று நீங்களும் உங்கள் கணவரும் கருதுகிறீர்கள். கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள்: பையன் தூங்காமல் இருப்பது எல்லா இரவுகளிலும் அல்ல, அப்பா கடலுக்குப் போகும் இரவுகளில் மட்டும்தான். மாமாவின் மரணத்தைவிட அப்பாவின் உயிர்தான் அவன் நெஞ்சில் இருக்கிறது. கடல் கோபப்படும், கோபப்பட்டால் நம் வீட்டு ஆட்களைக் கொண்டுபோகும் என்று ஒரு புத்தகம் சொல்லிவிட்டது. அந்தக் கடலுக்குள் அவன் அப்பா வாரத்தில் பல இரவுகள் போகிறார். ஒன்பது வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் குறைபாடு எதுவும் இல்லை. நன்றாக யோசிக்கிற பிள்ளை.

அவனுக்கு இதற்கு முன் எதுவும் தெரியாது என்று நீங்கள் நினைப்பதும் சரியாக இருக்க முடியாது. பிறந்த நாளிலிருந்து அந்தப் புகைப்படத்தைப் பார்த்து வளர்ந்திருக்கிறான். டிசம்பர் கடைசி வாரத்தில் ஊர் முழுக்க மெழுகுவத்தி ஏந்திக் கரைக்குப் போவதையும், அன்று பாட்டியின் முகம் வேறாக இருப்பதையும் பார்த்திருக்கிறான். பெரியவர்கள் எதைப் பேசுவதில்லை என்பதைக் குழந்தைகள் மிகச் சின்ன வயதிலேயே கவனித்துவிடுகிறார்கள்; அதைக் கேட்கக்கூடாது என்றும் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். அவனுக்கு இதுவரை இல்லாமலிருந்தது கேட்பதற்கான ஒரு வாசகம். அந்தப் புத்தகம், தவறான வாசகமாக இருந்தாலும், ஒன்றைக் கொடுத்தது. உங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் கேட்காத கேள்வியை ஒரு பிள்ளை வாய்விட்டுக் கேட்டிருக்கிறான். அதற்காக அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய நல்ல காரியம்.

கோபக் கதையில் உள்ள ஆபத்து

உங்கள் ஊரில் கடலை அம்மா என்று சொல்வதும், படகு இறக்கும்போது கும்பிடுவதும் தலைமுறைகளாக வரும் பழக்கம். உங்கள் தாயாருக்கு அது ஆறுதலாகவும் இருக்கலாம். அதைப் பையன் முன்னால் மறுத்துப் பேச வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆனால் ஒரு பேரழிவைத் தண்டனையாகச் சொல்லும் குழந்தைக் கதையை நான் எந்தப் பெற்றோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தண்டனை என்றால் குற்றவாளி வேண்டும். யார் தவறு செய்தார் என்று பிள்ளை தேடுவான். செத்தவர்கள் மேலோ, தன் வீட்டார் மேலோ, சில சமயம் தன் மேலோதான் அந்தத் தேடல் போய் நிற்கும். நான்கிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள், தாம் மனத்தில் நினைத்ததாலோ சொன்ன பேச்சைக் கேட்காததாலோதான் கெட்டது நடந்தது என்று எளிதில் நம்பிவிடுவார்கள். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியவன். என்றாலும் அச்சத்தில் இருக்கும் பிள்ளை சின்ன வயதின் சிந்தனைக்குத் திரும்பிப்போவது சாதாரணம். மகளுக்கு இப்போதுதான் ஐந்து வயது என்பதையும் மறக்க வேண்டாம். அவளும் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாள்.

நடந்ததை நடந்தபடியே சொல்வது கோபக் கதையைவிடப் பயம் குறைந்தது. அன்று இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பூமியின் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் அடியில் மிக மெதுவாகச் செருகிக்கொண்டே போகிறது. பல காலமாகச் சிக்கி நின்ற விளிம்பு ஒரே நேரத்தில் விடுபட்டதால் கடலின் அடித்தரை உயர்ந்து, மேலிருந்த தண்ணீர் முழுவதையும் தள்ளியது. அந்தத் தண்ணீர் உங்கள் கரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியிருந்த பதினான்கு நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் உங்கள் மாவட்டத்தவர்கள். அவர்களில் யாரும் எந்தத் தவறுக்காகவும் இறக்கவில்லை. இவ்வளவையும் ஒன்பது வயதுப் பையனால் விளங்கிக்கொள்ள முடியும். பாறைத்தட்டு என்பது அவன் பாடப்புத்தகத்திலும் விரைவில் வரப்போகிற விஷயம்.

அப்பாவைப் பற்றிய பயத்துக்கும் உங்கள் வீட்டிலேயே ஓர் உண்மையான பதில் இருக்கிறது. ஆழ்கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே அது மிக நீளமாகவும் தாழ்வாகவும் இருப்பதால், மேலே மிதக்கும் படகுக்கு அது கடந்துபோவதே தெரியாது. ஆழம் குறைந்த கரையை நெருங்கும்போதுதான் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. அன்று காலை தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த பலர் பிழைத்ததற்கு இதுவே காரணம். உங்கள் தந்தை பிழைத்ததற்கும் இதுவே காரணம். அவர் இன்று உங்களோடு இருக்கிறார். அன்று கடலில் என்ன பார்த்தார், எப்போது தெரிந்துகொண்டார் என்பதை, அவருக்கு மனமிருந்தால், பேரனுக்கு அவரே சொல்லலாம். வாங்கக் கிடைக்கும் எந்தப் புத்தகத்தையும்விட அந்தப் பையனுக்கு இது அதிகம் உதவும். அதற்காக, அப்பாவுக்கு எதுவும் ஆகாது என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2017இல் ஒக்கி புயலில் மீனவர்கள் இறந்ததை அவன் ஒருநாள் கேள்விப்படுவான். அப்போது நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பான். அப்பா கிளம்புமுன் வானிலை எச்சரிக்கையைப் பார்ப்பதையும், எச்சரிக்கை வந்தால் போகாமல் இருப்பதையும், எந்த நேரத்தில் திரும்புவார் என்பதையும் அவனுக்குக் காட்டுங்கள். முடிந்தால் அப்பாவே காட்டட்டும்.

“வளர்ந்த பிறகு படிக்கட்டும்”

உங்கள் கணவரின் கருத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் எல்லா வயதிலும் காட்ட முடியாது. உடல்களைக் காட்டும் புகைப்படங்கள், செய்திக் காணொளிகள், இறந்தவர்களின் கடைசிக் கணங்களை விவரிக்கும் பக்கங்கள் ஆகியவற்றை உங்கள் மகனிடமிருந்து இன்னும் சில ஆண்டுகள் விலக்கியே வையுங்கள். உங்கள் கணவரிடம் இருக்கும் கைபேசியில் டிசம்பர் மாதத்தில் இவை தாமாக வந்து நிற்கும். புத்தகத்தைவிட அதுதான் கவலைக்குரியது.

ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லவே கூடாது என்பதற்கு நேர் எதிரான ஒரு சான்று அந்த 2004இலேயே இருக்கிறது. சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில், சிமெலுவே என்றொரு தீவு உள்ளது. அங்கே 1907இல் ஒரு பேரலை வந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். தாலாட்டிலும் அது இடம்பெற்றது. பலமாக நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் செய்தி. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அலை வந்தபோது, நிலம் அதிர்ந்த சில நிமிடங்களில் மக்கள் குன்றுகளில் ஏறிவிட்டார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். தம் ஊரின் துயரத்தைத் தொட்டில் குழந்தைக்கும் சொன்ன ஒரு சமூகம் அது. அந்தப் பிள்ளைகள் அச்சத்தில் வாடி வளரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே பாட்டில் இருந்தது.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குழந்தைப் புத்தகங்கள் இந்த இடத்தில் தவறுகின்றன. அலைக்கு முன் கடல் கட்டாயம் உள்வாங்கும் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தமான் கடலைப் பார்த்த தாய்லாந்துக் கரையில் அப்படித்தான் நடந்தது. நம் கிழக்குக் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்து சேர்ந்தது ஏறிவந்த தண்ணீர்தான். கடல் உள்வாங்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று உங்கள் பிள்ளை எண்ணிவிடக்கூடாது. சுமத்ராவில் ஏற்படும் அதிர்வு நம் கரையில் பெரிதாக உணரப்படாமலும் போகலாம் என்பதால், அரசின் எச்சரிக்கை வந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதே நமக்கான பாடம். 2004இல் இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பே இல்லை. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் அது இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது நம் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு மேட்டுக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய அலை வரவில்லை. இந்த நிகழ்ச்சியை மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அன்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

எந்தப் புத்தகம், எப்படி

உங்களுக்குப் பதிலாகச் சொல்லிவிடும் புத்தகம் எதுவும் இல்லை. இருந்தாலும் அதை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. இந்தத் துயரத்தைப் பற்றிப் பேசத் தன் அம்மாவால் முடியும் என்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் புத்தகத்தால் தர இயலாது. பேச்சைத் தொடங்கிவைக்கவும், நடுவில் குரல் அடைத்தால் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருக்கவும் புத்தகம் உதவும். அந்த அளவில் அது மிகப் பெரிய உதவிதான்.

மகளுக்கு ஏற்றதிலிருந்து தொடங்குகிறேன். அதே டிசம்பரில் கென்யக் கடற்கரையில், வெள்ளத்தில் ஆற்றிலிருந்து அடித்துவரப்பட்டு, பின் பேரலையால் தாயைப் பிரிந்து கடலில் சிக்கிய ஒரு நீர்யானைக் குட்டியை ஊர்மக்கள் மீட்டார்கள். மொம்பாசா அருகே ஒரு விலங்குப் பூங்காவுக்குக் கொண்டுபோனபோது, அது அங்கிருந்த நூறு வயது தாண்டிய ராட்சத ஆமையோடு ஒட்டிக்கொண்டது. ‘ஓவன் அண்ட் ம்ஸே’ என்ற பெயரில் இந்த உண்மைக் கதை புகைப்படங்களோடு புத்தகமாகியிருக்கிறது. எழுதிய மூவரில் ஒருத்தி அப்போது ஆறு வயதுச் சிறுமி. ஐந்து வயதுக்கு இது போதும். இழப்பு இருக்கிறது, அது மறைக்கப்படவில்லை, அதன் பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஆங்கிலப் பதிப்பே கிடைத்தாலும் படங்களைக் காட்டி உங்கள் மொழியில் நீங்களே சொல்லிக்கொண்டு போகலாம்.

மகனுக்கு, ஜப்பானில் பள்ளிப் பாடமாகவே வைக்கப்பட்டிருந்த நெற்போர்க் கதை பொருத்தமாக இருக்கும். வாகயாமா பகுதியின் ஒரு கடற்கரை ஊரில் 1854இல் பேரலை வந்தபோது, ஹமாகுச்சி கோர்யோ என்பவர் வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்து, இருட்டில் தடுமாறியவர்களுக்கு மேட்டுக்கு வழி காட்டினார். கதைகளில் அவர் குன்றின் மேல் வாழும் முதியவராக வருகிறார். உண்மையில் அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கதை அலை ஓய்ந்ததோடு முடிகிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அவர் தம் சொந்தப் பணத்தில், பிழைப்பிழந்த ஊர்மக்களுக்கே கூலி கொடுத்து, ஒரு கரைச்சுவரைக் கட்டினார். 1946இல் வந்த அலையின்போது ஊரின் பெரும்பகுதியை அந்தச் சுவர் காத்தது. ஐக்கிய நாடுகள் அவை நவம்பர் 5ஆம் தேதியை ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்ததற்கு இந்த நிகழ்ச்சியே காரணம். கதையைப் படித்துவிட்டு இந்தப் பின்பகுதியை நீங்கள் சொல்லுங்கள்.

ஆசிரியர் தந்த பட்டியலில் ஹிரோஷிமாவின் சடாகோ கதையும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது உலகம் முழுக்கப் பள்ளிகளில் வாசிக்கப்படுவது, அழகானதும்கூட. ஆனால் உங்கள் மகனிடம் இப்போது அதைத் தனியாகப் படிக்கக் கொடுக்காதீர்கள். எலினோர் கோயர் 1977இல் எழுதிய புத்தகத்தில், அணுகுண்டுக் கதிர்வீச்சால் நோயுற்ற சிறுமி ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்தால் குணமாகலாம் என்று நம்பி, 644 மடித்த நிலையில் இறந்துபோகிறாள். இன்னும் கொஞ்சம் மடித்திருந்தால் பிழைத்திருப்பாளே என்றுதான் பல பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை மூடுகிறார்கள். அதாவது, முயற்சி போதவில்லை, அதனால் செத்தாள் என்று. உண்மையில் அவள் ஆயிரத்தைக் கடந்து மடித்தாள் என்று ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமே சொல்கிறது. கடந்தும் இறந்தாள், 1955 அக்டோபரில், பன்னிரண்டு வயதில். அவளால் முடிந்ததையும் அதற்கு மேலும் செய்தாள், நோய்க்கு அது காரணமும் அல்ல, மருந்தும் அல்ல என்ற இந்த உண்மை, யார் தவறு என்று தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கதையைவிட ஆறுதலானது. ஒருவேளை உங்களுக்கும்தான். ஓராண்டு கழித்து இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

நம் சென்னையின் தாரா பதிப்பகம், வங்காளத்துப் படச்சுருள் ஓவியர்கள் ஜொய்தேப், மொய்னா சித்ரகார் இருவரும் இந்தப் பேரலையைப் பற்றி வரைந்து பாடியதைச் சுருள் வடிவிலேயே புத்தகமாக்கியிருக்கிறது. அது பதின்ம வயதுக்கு உரியது. அதற்கு முன் நீங்கள் பாருங்கள்.

இவை கிடைக்காமல் வேறு எதுவும் கைக்கு வந்தால் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலில் நீங்கள் தனியாக முழுவதும் படித்திருக்க வேண்டும். இறந்தவர் இறந்துவிட்டார் என்று அந்தப் புத்தகம் சொல்கிறதா, அல்லது தூங்குகிறார், நட்சத்திரம் ஆகிவிட்டார் என்று சுற்றிவளைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அதில் யாராவது யாருக்காவது உதவுகிறார்களா என்று பாருங்கள். உதவி வராத பேரழிவுக் கதை பிள்ளையைக் கைவிட்டுவிடும், செத்தவர்களை மட்டும் காட்டி முடிப்பது குழந்தைக்கான புத்தகமே அல்ல. படிப்பது பகலிலாக இருக்கட்டும், படுக்கும் நேரத்தில் வேண்டாம். பாதியில் எழுந்து விளையாடப் போனால் விடுங்கள். பிள்ளைகள் துயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மறுபடி அவனாக வருவான், கேட்ட கேள்வியையே கேட்பான், நீங்களும் சொன்ன பதிலையே சொல்ல வேண்டியிருக்கும்.

மாமாவைப் பற்றிச் சொல்வது

எளிய சொற்கள் போதும். “உன் மாமாவுக்கு அப்ப ஆறு வயசு. அன்னிக்குக் காலைல கடல் தண்ணி ரொம்ப வேகமா ஊருக்குள்ள வந்துச்சு. அவனால தப்பிக்க முடியல, இறந்துட்டான். யாரும் தப்பு செய்யல, கடலுக்குக் கோபமும் இல்ல. பாட்டிக்கு அவனை நெனச்சா இன்னும் அழுகை வரும், அதான் எந்திரிச்சுப் போனாங்க. நீ கேட்டது தப்பில்ல.” இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள், பாட்டி சாப்பிடாமல் இருந்ததற்குத் தானே காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். மாமா கடலோடு போய்விட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் அப்பாவும் கடலுக்குத்தான் போகிறார். மாமாவின் மரணத்தோடு நிறுத்தாமல் அவன் எப்படிப்பட்ட பையன், எதற்குச் சிரிப்பான், எதைத் திருடித் தின்பான் என்பதையும் சொல்லுங்கள். சொல்லும்போது அழுகை வந்தால் அழுங்கள். அழுதபின் அம்மா எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கிறாள் என்பதை அவன் பார்க்கட்டும். உங்கள் தாயாரை இதில் கட்டாயப்படுத்த வேண்டாம். பேரனிடம் பேசப்போகிறேன் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், உடன் இருப்பதும் இல்லாததும் அவர் விருப்பம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. தம்பியைக் கரைக்கு அனுப்பியதை மகனுக்கு இப்போது சொல்ல வேண்டியதில்லை. மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் குற்றமாகச் சுமந்துகொண்டிருக்கும் ஒன்றை அவனிடம் சொன்னால், அம்மாவைத் தேற்றும் பொறுப்பை அந்த ஒன்பது வயதுத் தோள் ஏற்றுக்கொள்ளும். நீங்கள் முதலில் அதைப் பெரியவர் ஒருவரிடம், முடிந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம், சொல்லித் தெளிய வேண்டும். என்னிடம் கேட்டதால் என் பதிலைச் சொல்கிறேன்: அன்று காலை ஆறரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே அந்த அலை வந்துகொண்டிருப்பதை உங்கள் ஊரில் யாருக்கும் எவரும் சொல்லவில்லை. அரசுக்கே சொல்லும் அமைப்பு அன்று இல்லை. தினமும் நடப்பதுபோல, படகு வந்ததா பார் என்று தம்பியை அனுப்பிய பதின்மூன்று வயதுச் சிறுமி, அறிய வழியே இல்லாத ஒன்றை அறியாமல் இருந்தாள். கோபக் கதை உங்கள் மகனுக்கு மட்டும் கேடு செய்யவில்லை. யாரோ தவறு செய்ததால்தான் நடந்தது என்ற அதே கதையை இத்தனை ஆண்டுகளாக நீங்கள் உங்களுக்கே சொல்லிவந்திருக்கிறீர்கள். மகன் வளர்ந்தபின், இதைக் கலங்காமல் சொல்ல முடிகிற நாளில் சொல்லுங்கள். அன்று அது ஒரு குடும்பச் செய்தியாக மட்டும் இருக்கும்.

பள்ளியும் உங்கள் உரிமையும்

பாடத்திலிருந்து முழுவதும் விலக்கிவைக்கும்படி நான் சொல்ல மாட்டேன். ஊர் முழுவதும் பேசும் நாளில் இவன் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தால் பயம் இன்னும் கூடும். ஆனால் தன் வீட்டு மரணத்தை வகுப்பில் எழுதவோ சொல்லவோ எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. உங்கள் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு செய்ததை அந்தப் பிரிவுக்குள் கொண்டுபோக வேண்டியதில்லை. நேரில் போய், அடுத்த டிசம்பருக்கு முன் புத்தகத்தைப் பெற்றோருக்குக் காட்டிவிட்டு வாசிக்கும்படியும், வீட்டில் கேட்டு எழுதும் வேலையை விருப்பத்துக்கு விடும்படியும் கேளுங்கள். உங்களுடையது அரசுப் பள்ளி என்பதால், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதை வைக்கலாம். அந்த வகுப்பில் உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் இன்னும் சிலர் இருப்பார்கள்; அவர்களுடைய தாய்மாரும் உங்களைப் போலவே தனியாகத் தவித்துக்கொண்டிருக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

நீங்கள் பேசத் தொடங்கிய பிறகு சில வாரங்களில் தூக்கம் சீராக வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கமின்மை தொடர்ந்தாலோ, படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, காரணமில்லாத வயிற்றுவலி அடிக்கடி வந்தாலோ, மூழ்குவதையே திரும்பத் திரும்ப விளையாடினாலோ மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாமாவிடம் போக வேண்டும், செத்துப்போக வேண்டும் என்று ஒருமுறை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம். அந்த எண்ணை மகனுக்காக மட்டும் குறித்துவைக்காதீர்கள். கணவர் கடலுக்குப் போன ஓர் இரவில், பிள்ளைகள் தூங்கியபின், உங்களுக்காகவும் ஒருமுறை அழையுங்கள்.